ராஜா வேஷமும் தூணி நெல்லும்

(திருவெள்ளறையில் விவசாயத் தொழிலாளரும் அரிசி ஆலைத் தொழிலாளரும் சேர்ந்து போடவிருக்கும் சரித்திர நாடகத்தின் ஒத்திகைத் தொடக்கத்தில் பேசியது)



கொட்டகைக்குக் கால் நடுமுன்பே கூட்டம் சேர்ந்துவிட்டது. நடவு முடித்துக் காலைக் கழுவிக்கொண்டு நேரே வந்தவர்கள் இருக்கிறீர்கள். மண்ணச்சநல்லூர் ஆலையிலிருந்து தலையில் தவிட்டுத் தூசியோடு வந்தவர்களும் இருக்கிறீர்கள். பசி நேரத்தில் நீட்டி முழக்குவது நியாயமல்ல. ஆனால் இந்த ஊரில் பத்து நாட்களாக இந்த நாடகத்தை வைத்து நடக்கிற தகராறைக் கேட்ட பிறகு, இரண்டு வார்த்தை பேசிவிட்டு மாலை வாங்கிக்கொண்டு போவதும் சரியல்ல என்று பட்டது.

தகராறு என்ன? இளைஞர்கள் ராஜராஜ சோழன் நாடகம் போடுவது என்று முடிவு செய்தார்கள். உடனே நம்முடைய தோழர்களே சிலர், “நாம் கூலிக்காரர்கள். நமக்கு எதற்கப்பா ராஜா கதை? ராஜாவைத் தூக்கிப் பிடிக்கத்தான் ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்களே!” என்று கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதைத் தள்ளிவிட நாங்கள் வரவில்லை. அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே நாடகத்தைப் போடலாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

முதலில் வேறொரு தேசத்து ராஜா கதையைச் சொல்லுகிறோம். நாங்கள் படித்தது பத்தாவது வரைதான். அதற்குள் வாத்தியார் சொல்லிக் கேட்ட கதைகளில் மறக்காமல் நிற்பது மாக்பெத் கதை. ஸ்காட்லாந்து என்று வடக்கே ஒரு குளிர்ந்த மலைநாடு. அங்கே டங்கன் என்று ஒரு ராஜா. அவனிடத்தில் மாக்பெத் தளபதி. போரில் ஜெயித்துத் திரும்பும் வழியில் மூன்று கிழவிகள் எதிர்ப்பட்டு, “நீ ராஜாவாவாய்” என்று குறி சொல்லுகிறார்கள். வீட்டுக்காரியும் தூபம் போடுகிறாள். விருந்துக்கு வந்து தூங்குகிற ராஜாவை, கிழவன் என்றும் பாராமல் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டு மாக்பெத் முடி சூடுகிறான். ஒரு கொலையை மறைக்க இன்னொரு கொலை, அதை மறைக்க வேறொன்று. கூட இருந்த பாங்க்வோ என்ற நண்பனைக்கூட ஆள் வைத்துத் தீர்த்துவிடுகிறான். கடைசியில் அவனும் வெட்டுப்பட்டுச் சாகிறான். இங்கிலாந்தில் ஷேக்ஸ்பியர் இதை 1606 வாக்கில் நாடகமாக எழுதினார். நம் நாட்டில் பம்மல் சம்பந்த முதலியார் இதைத் தமிழ்ப்படுத்தி ‘மகபதி’ என்று பெயர் வைத்தார்.

நாடகம் அப்படி. சரித்திரம் எப்படி? மாக்பெத் என்று ஒரு ராஜா மெய்யாகவே இருந்தான். 1040 முதல் 1057 வரை பதினேழு வருஷம் ஆண்டான். டங்கன் கிழவனல்ல, இளவயதுக்காரன். படுக்கையில் குத்துப்பட்டுச் சாகவில்லை, சண்டையில் மாண்டவன். மாக்பெத் 1050-ல் ரோமாபுரிக்கு யாத்திரை போய், ஏழைகளுக்கு விதை தெளிக்கிற மாதிரி காசு தெளித்தான் என்று அக்காலத்து ஐரிஷ் துறவி ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். நாலாபக்கமும் பகை இருந்தால் அத்தனை தூரம் போய் வர எந்த ராஜாவுக்குத் துணிச்சல் வரும்? பாங்க்வோ என்ற ஒருவனோ சரித்திரத்திலேயே கிடையாது. பிற்காலத்தில் ஏடெழுதியவர்கள் சேர்த்த ஆள்.

பின் ஏன் நாடகம் இப்படி வந்தது? 1603-ல் ஸ்காட்லாந்து ராஜா ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் ராஜாவானான். ஷேக்ஸ்பியருடைய கம்பெனியை அந்த வருஷமே தன்னுடைய கம்பெனியாக எடுத்துக்கொண்டான். அதாவது அவர்கள் ராஜாவின் ஊழியர்கள். இந்த ஜேம்ஸ் தன்னுடைய வம்சத்தின் மூதாதை என்று சொல்லிக்கொண்டது யாரை? அந்த இல்லாத பாங்க்வோவை! ஆகவே பாங்க்வோ நல்லவன், மாக்பெத் கெட்டவன். படியளக்கிறவன் முகம் பார்த்து எழுதினால் கதை எந்தப் பக்கம் சாயும் என்பதை நாற்றங்காலில் தண்ணீர் பாய்ச்சுகிறவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் விஷயம் அத்தோடு முடியவில்லை. அதே நாடகத்தில், ராஜாவைக் கொன்ற இரவு, விடியற்காலம், கோட்டைக் கதவை யாரோ தட்டுகிறார்கள். உள்ளே பிரபுக்கள் இரத்தக் கையோடு நடுங்குகிறார்கள். கதவு திறக்க வருகிறவன் யார்? வாயிற்காவலன். குடிமயக்கத்தில் தள்ளாடிக்கொண்டு வருகிறான். இது நரகத்தின் வாசல், நான் நரகத்துக் காவல்காரன் என்று வைத்துக்கொண்டு, யார் யார் உள்ளே வருகிறார்கள் என்று கணக்கெடுக்கிறான். முதலாவதாக அவன் உள்ளே அனுப்புகிறவன் யார் தெரியுமா? ஒரு பண்ணைக்காரன். விலை ஏறும் என்று தானியத்தைப் பதுக்கி வைத்தவன். அமோக விளைச்சல் வரப்போகிறதென்று தெரிந்ததும், விலை இறங்கிவிடுமே என்று தூக்குப் போட்டுக்கொண்டவன்! ராஜா காசு கொடுத்த கம்பெனியின் மேடையில், ராஜா கதையின் நட்டநடுவில், நெல் பதுக்குகிறவன் நரகத்துக்குப் போகிறான். கொட்டகையில் நின்றுகொண்டே பார்க்கிற ஏழை ஜனங்கள் எப்படிக் கை தட்டியிருப்பார்கள்! நம்முடைய கூத்தில் கட்டியங்காரன் செய்கிற வேலையும், கம்பெனி நாடகத்தில் பபூன் செய்கிற வேலையும் இதுதானே?

நாடகம் ராஜாவுடையதாக இருக்கலாம். கதவுச் சாவி வேலைக்காரனிடத்தில் இருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நம்மூருக்கு வருவோம்.

மாக்பெத் ஸ்காட்லாந்தில் ஆண்ட அதே காலத்தில் நம்முடைய காவிரிக் கரையில் யார் ஆண்டார்கள்? ராஜராஜனின் மகன் ராஜேந்திரன், அவனுக்குப் பின் அவன் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளில் இரண்டாம் ராஜேந்திரன் என்பவன் 1052 முதல் 1064 வரை ஆண்டான். அவனுடைய கல்வெட்டு ஒன்று தஞ்சைப் பெரிய கோயிலில் இருக்கிறது. வைகாசித் திருவிழாவில் ‘ராஜராஜேஸ்வர நாடகம்’ ஆடவேண்டும் என்கிறது அது. ஆடுகிறவர் பெயரும் இருக்கிறது: சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றன் என்ற விஜயராஜேந்திர ஆசாரியன். அவருக்கும் அவர் வழி வந்தவர்களுக்கும் கூலி என்ன? நாளொன்றுக்கு ஒரு தூணி நெல், வருஷத்துக்கு 120 கலம்.

கணக்குப் பாருங்கள். தூணி என்றால் நாலு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். மூன்று நாளைக்கு ஒரு கலம், 360 நாளைக்கு 120 கலம். கணக்கு ஒரு நெல்மணி பிசகவில்லை! கோயிலுக்குப் பெயர் ராஜராஜேஸ்வரம். அது ராஜராஜன் தன் பெயரையே வைத்தது. நாடகத்துக்கும் அதே பெயர். ஏடு கிடைக்கவில்லை. வசனம் ஒரு வரி கூட மிஞ்சவில்லை. ஆடியவர் வாங்கிய நெல் கணக்கு மட்டும் ஏறக்குறைய ஆயிரம் வருஷமாகக் கல்லில் நிற்கிறது.

ஆகவே ராஜராஜன் பெயரில் நாடகம் என்பது இன்று நேற்று வந்த ஆசையல்ல. ஆனால் கவனியுங்கள், அங்கேயும் படியளந்தது அரண்மனைதான்.

நமக்குத் தெரிந்த ராஜராஜ சோழன் நாடகம் 1950-களில் வந்தது. எழுதியவர் அரு. ராமநாதன், போட்டவர்கள் டி.கே.எஸ். சகோதரர்கள், ராஜராஜனாக நின்றவர் டி.கே. பகவதி. பெரியவர்கள் இன்றும் அந்தக் குரலைச் சொல்லுவார்கள். 1973-ல் அதையே ஏ.பி. நாகராஜன் சிவாஜி கணேசனை வைத்துப் படமாக எடுத்தார். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் அது. ராஜராஜன் மகள் குந்தவை, வேங்கி இளவரசன் விமலாதித்தன், நடுவில் அரண்மனைச் சூழ்ச்சி என்று கதை ஓடும். நல்ல வசனம், நல்ல நடிப்பு. குறை சொல்ல மனம் வராது.

ஒரு விஷயம் மட்டும் சொல்லியாகவேண்டும். அந்த டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகத்துக்கு வந்தது எப்படி? 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் பாலர் சபை ஆரம்பித்தபோது, சிறு பையன்களாக வந்து சேர்ந்தவர்கள். பாய்ஸ் கம்பெனி என்று அன்று சொன்னார்களே, அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். பள்ளிக்கூடம் கிடையாது, அம்மா அப்பா முகம் கிடையாது. ஊர் ஊராக மூட்டை முடிச்சோடு போகவேண்டும், விடிய விடிய ஆடவேண்டும். மேடையில் பொன் முடி தரித்த சக்கரவர்த்தி, இறங்கினால் கம்பெனிச் சாப்பாட்டுக்குத் தட்டேந்துகிற பையன். ராஜா வேஷம் கட்டினவன் பெரும்பாலும் கூலிக்காரன்தான் தோழர்களே! பம்மல் முதலியார் 1891-ல் சுகுண விலாச சபை தொடங்கி வக்கீல்களையும் உத்தியோகஸ்தர்களையும் மேடையேற்றிய பிறகுதான் நாடகக்காரனுக்குப் பட்டணத்தில் கொஞ்சம் மரியாதை வந்தது. அதுவரை அவன் பெயர் ‘கூத்தாடி’.

நம்மூர் ஜனங்களும் ஏதோ ராஜா என்றவுடன் கும்பிட்டுவிடுகிறவர்கள் அல்ல. எத்தனையோ ராஜாக்கள் கூத்தில் வந்தார்கள், போனார்கள். சேரியும் ஊரும் ஒன்றாக உட்கார்ந்து கண்ணீர் விட்டது யார் கதைக்கு? அரிச்சந்திரன் கதைக்கு. ஏன்? அவன் ராஜ்யத்தை ஆண்டதற்காகவா? இல்லை. ராஜ்யத்தை இழந்து, பெண்டாட்டி பிள்ளையை விற்று, சுடுகாட்டில் வெட்டியான் வேலை பார்த்தானே, அதற்காக. நாங்கள் சிறுவயதில் மயான காண்டம் பார்த்த இரவுகளில், கிரீடம் போட்ட காட்சிகளில் தூங்கினவர்கள்கூட அவன் கோலைத் தூக்கிச் சுடலைக்கு வந்ததும் எழுந்து உட்கார்ந்ததைக் கண்டிருக்கிறோம். தங்களைப் போல வேலை செய்கிற ராஜாவை ஜனங்கள் அடையாளம் கண்டுகொள்ளுகிறார்கள்.

ராஜா கதையை வைத்தே ராஜாங்கத்தைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. அண்ணாதுரை 1940-களின் நடுவில் ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ எழுதினார். நாட்டைப் பிடித்த வீரனுக்கு, சூத்திரன் என்று சொல்லி முடிசூட்டத் தடை போட்டார்கள் என்பதுதான் அந்த நாடகத்தின் நெருப்பு. திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்த கணேசன் அதில் சிவாஜியாக நின்று, பெரியார் வாயால் ‘சிவாஜி’ கணேசன் ஆனார். அதே கணேசன் 1957-ல் சக்தி கிருஷ்ணசாமி எழுதிய ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ நாடகத்தில் வரி கொடுக்க மறுத்து நின்றபோது, கொட்டகையில் உட்கார்ந்திருந்தவன் தன்னுடைய கடன்காரனை நினைத்துக்கொண்டுதான் கை தட்டினான்.

இதெல்லாம் அரசாங்கத்துக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். வெள்ளைக்காரன் 1876-லேயே நாடகச் சட்டம் போட்டான். வெள்ளைக்காரன் போன பிறகு, 1954-ல் சென்னை ராஜ்யத்தில் இன்னொரு நாடகச் சட்டம் வந்தது. நாடகம் போடுமுன் பிரதியைக் காட்ட வேண்டும், அனுமதி வாங்க வேண்டும். எம்.ஆர். ராதாவின் நாடகங்களைக் குறிவைத்து வந்த சட்டம் என்று அன்று ஊரெல்லாம் பேச்சு. அதை எதிர்த்து எழுத்தாளர் ஞாநி வழக்குப் போட்டு, 2013-ல் உயர்நீதிமன்றம் செல்லாது என்று தள்ளும்வரை ஐம்பத்தெட்டு வருஷத்துக்கு மேல் அது உயிரோடு இருந்தது. நாடகம் வெறும் பொழுதுபோக்கு என்றால் அதற்கு எதற்கு ஐயா போலீசும் சட்டமும்?

இனி, நாம் போடப்போகிற நாடகத்துக்கு வருகிறோம். ஆலையில் மூட்டை தூக்குகிற இளந்தோழர் ஒருவர் இந்த நாடகத்துக்குப் புதிதாக ஒரு காட்சி எழுதியிருக்கிறார். படித்துப் பார்த்தோம். பெரிய கோயில் எழும்புகிறது. இராத்திரி நேரம். கல் இழுத்த ஆட்கள் சாரத்தின் அடியில் உட்கார்ந்து பேசிக்கொள்ளுகிறார்கள். ராஜராஜன் மாறுவேஷத்தில் வருகிறான். ‘எதற்காக இந்த வேலை செய்கிறாய்?’ என்று கேட்கிறான். ‘வெட்டி’ என்கிறான் ஒருவன். அவ்வளவுதான் காட்சி.

‘வெட்டி’ என்றால் என்ன? இன்று வீட்டில் சும்மா இருக்கிற பையனை ‘வெட்டியாக இருக்கிறான்’ என்று திட்டுகிறோம். சோழர் கல்வெட்டுகளைப் புரட்டினால் வரிப் பட்டியலில் அடிக்கடி வருகிற சொல் இந்த வெட்டிதான். கூலி இல்லாமல் கட்டாயமாகச் செய்து கொடுக்க வேண்டிய வேலை. ஏரி வெட்டவும் கரை கட்டவும் சுமை தூக்கவும் ஊருக்கு இத்தனை ஆள் என்று போகவேண்டும். அந்த வேலை போன பிறகும் சொல் போகவில்லை. பலனில்லாத வேலைக்கு ‘வெட்டி வேலை’ என்று பெயர் நின்றுவிட்டது. யாருக்குப் பலனில்லை? செய்தவனுக்கு! அந்த அர்த்தம் மட்டும் மறந்துபோயிற்று.

பெரிய கோயில் கல்வெட்டில் இன்னும் எவ்வளவோ இருக்கிறது. ராஜராஜன் கொடுத்த பொன்னும் மணியும் எடை போட்டு எழுதியிருக்கிறது. 1010-ல் விமானத்தின் உச்சிக்குக் கலசம் கொடுத்த நாள்கூட இருக்கிறது. நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை ஊர் ஊராகக் கொண்டுவந்து குடிவைத்து, ஆளுக்கொரு வீடும் நூறு கலம் நெல்லும் கொடுத்த கணக்கு, எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பதோடு இருக்கிறது. தலைமைத் தச்சர் குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் பெயரும், நாவிதர் பெயரும் இருக்கின்றன. தொழிலாளி பெயரைக் கல்லில் வெட்டிய ராஜா என்று இதற்காக ராஜராஜனைப் பாராட்டவேண்டும். பாராட்டுகிறோம்.

அதே சுவரில் இன்னொரு பட்டியல். கோயிலுக்கு விட்ட ஊர்களில் எந்தெந்த நிலத்துக்கு வரி இல்லை என்று எழுதுகிறான். ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு. அந்த வரிசையிலே பறைச்சேரி. அந்த வரிசையிலே தீண்டாச்சேரி. 216 அடி உயரம் எழும்பின கோயிலின் அடிச்சுவரில், ‘தீண்டாச்சேரி’ என்ற சொல் அழகான எழுத்தில் இருக்கிறது. சேரி நேற்று முளைத்ததல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? 2010-ல் கோயிலின் ஆயிரமாவது ஆண்டை அரசாங்கம் கொண்டாடியது. ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் பரதம் ஆடினார்கள். நல்ல காட்சிதான். அந்த அடிச்சுவரைப் படித்துக் காட்ட ஒரு மேடை இருந்திருந்தால் இன்னும் நன்றாயிருந்திருக்கும்.

இதே தஞ்சை மண்ணில்தான் 1940-களில் பண்ணையாளைச் சாட்டையால் அடித்துச் சாணிப்பால் குடிக்க வைத்தார்கள். சீனிவாசராவ் போன்றவர்கள் அந்தச் சேரிகளிலேயே படுத்துக் கிடந்து சங்கம் கட்டினார்கள். 1952-ல்தான் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. அப்போதும் கூலியை மரக்காலில்தான் பேசினார்கள். நாடகக்காரனுக்குத் தூணி நெல் அளந்த அதே மரக்கால்! ஆயிரம் வருஷமாக மரக்கால் மாறவில்லை. அளக்கிற கை மாறியது, அளவு குறைந்தது.

தஞ்சாவூர் வரை போவானேன்? இந்த ஊர்ப் பெருமாள் கோயில் பக்கத்துக் கிணற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் படி இறங்கி, சுவஸ்திகம் போல வளைந்து போகிற கிணறு. வெளியூர்க்காரர்கள் கேமராவோடு வருகிறார்கள். ஒரு படியில் குளிக்கிறவன் மற்றப் படியில் இருப்பவன் கண்ணுக்குத் தெரியமாட்டான் என்று நீங்கள் சொல்லிச் சிரிப்பீர்கள். தந்திவர்ம பல்லவன் காலத்தில், 800-ஆம் ஆண்டு வாக்கில் எடுத்தது. ஆலம்பாக்கத்து விசயநல்லூழான் தம்பி கம்பன் அரையன் எடுப்பித்தான், பெயர் மார்ப்பிடுகு பெருங்கிணறு என்று கல்லில் இருக்கிறது. ராஜாவின் நாலாம் ஆண்டில் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் முடித்தார்களாம். இந்தப் பாறை பூமியில் அவ்வளவு சீக்கிரம் முடிக்க எத்தனை கடப்பாரை இறங்கியிருக்கும்! எடுப்பித்தவன் பெயர் நமக்குத் தெரியும். எடுத்தவனுடைய பேரப்பிள்ளைகள் இங்கே உட்கார்ந்திருக்கலாம்.

அந்த இளந்தோழரிடம் ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொன்னோம். மற்றவர்களும் கேளுங்கள். ராஜராஜனைக் கொடுமைக்காரனாகக் காட்டாதே. மாக்பெத்துக்கு ஷேக்ஸ்பியர் செய்ததை நீ ராஜராஜனுக்குச் செய்யாதே. அவன் கொடியவன் என்று சொல்ல நம்மிடம் ஆதாரம் கிடையாது. அவன் அரசன் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது, அது போதும். நிலத்தை அடி அடியாக அளந்தான், வரியைக் கணக்காக வாங்கினான், ஈழத்தில் படை நடத்தினான், கோயில் கட்டினான். அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையுண்ட கதையை அரண்மனைச் சூழ்ச்சியாக நீட்டி எழுதவும் ஆசை வரும். அதற்குக் கல்கியும் சினிமாவும் இருக்கின்றன. உடையார்குடிக் கல்வெட்டில் இருப்பது கொலைகாரர் பெயர்களும் அவர்கள் உறவினர் சொத்தைப் பறிமுதல் செய்ததும் மட்டுமே. கல்லில் உள்ளதைச் சொல். கல்லில் இல்லாத ஆள் பேசட்டும், ஆனால் பொய் பேச வேண்டாம். ‘வெட்டி’ என்று ஒரு வார்த்தை சொன்னால் ராஜா திகைத்து நிற்கிறான் அல்லவா, அந்த இடத்தில் பத்து வரி பிரசங்கம் சேர்க்கவேண்டும் என்று சில தோழர்கள் சொன்னார்களாம். வேண்டாம். பிரசங்கம் செய்ய நாங்கள் இருக்கிறோம்.

அடுத்தது பண விஷயம். கொட்டகை, மைக் செட், விளக்கு, உடுப்பு வாடகை எல்லாம் சேர்த்தால் கூலிக்காரன் தாங்குகிற தொகையல்ல. இந்தப் பக்கத்துப் பெரிய மனிதர் ஒருவர் முழுச் செலவையும் தாமே ஏற்பதாகச் சொல்லி அனுப்பினார். பெயர் வேண்டாம், அவருக்கும் நாடக ஆசை உண்டு, நல்ல ரசிகர். இரண்டே நிபந்தனை. நோட்டீசில் அவர் பெயர் முதலில் வரவேண்டும். அந்த இராத்திரிக் காட்சியை எடுத்துவிட வேண்டும். “ராஜா கதையில் கூலிப் பேச்சு எதற்கு? ரசம் கெடுகிறது” என்றாராம்.

குழுவில் பலருக்குச் சபலம் தட்டியது உண்மை. ஒரு காட்சிதானே, விட்டுவிடலாம் என்றார்கள். அன்று இரவு இரண்டு மணி வரை விவாதம் நடந்ததாம். நாங்கள் அங்கே இல்லை, எங்களைக் கேட்டு முடிவெடுக்கவும் இல்லை. வயதான நடவுக்காரத் தாயார் ஒருவர், “இத்தனை நாள் அவங்க செலவுல அவங்க கதையைப் பாத்தாச்சு. நம்ம செலவுல நம்மளப் பாப்போம்” என்றாராம். அத்தோடு பேச்சு முடிந்தது. நடவு ஆட்கள் ஒரு நாள் கூலியும், ஆலை ஆட்கள் ஒரு ஷிப்ட் கூலியும் கொடுப்பதென்று தீர்மானம். பாதிக்கு மேல் வசூலாகிவிட்டது. கூத்தன் திருவாலனுக்கு அரண்மனை படியளந்தது. இந்த நாடகத்துக்குப் படியளப்பது நாற்று முடி தூக்கிய கை. இந்தப் பக்கம் நாங்கள் பார்த்த நாடகங்களில் இப்படி நடந்தது முதல் தடவை.

கடைசியாகக் கிரீடத் தகராறு. ராஜராஜன் வேஷத்துக்கு யார் பொருத்தம் என்று எல்லோரையும் வசனம் பேசவைத்துப் பார்த்தார்கள். உயரம், குரல், நடை எல்லாவற்றிலும் தேறியவர் காலனித் தோழர். உடனே ஊர்த்தெருவில் சலசலப்பு. “அவன் ராஜாவாக வந்து நிற்க, நம்ம பையன் மந்திரியாக எழுந்து கும்பிடவா?” என்று ஒரு கேள்வி. இதைச் சொன்னவர்களும் கூலிக்காரர்கள்தான். அதுதான் வேதனை. இரண்டு பேர் குழுவை விட்டு விலகியும் விட்டார்கள்.

அவர்களுக்கு ஒரு சம்பவம் சொல்ல ஆசைப்படுகிறோம். விஸ்வநாத தாஸ் என்று ஒரு பெரிய நடிகர், 1886-ல் சிவகாசியில் பிறந்தவர். முருகன் வேஷம் கட்டி மேடையில் நின்று, வெள்ளைக்காரனை எதிர்த்துப் பாட்டுப் பாடினவர். எத்தனையோ தடவை கைது செய்தார்கள். அவர் பிறந்தது மருத்துவர் குலத்தில், முடி திருத்துகிற சாதி என்று சொல்லிச் சக நடிகைகள் அவரோடு வள்ளியாக நடிக்க மறுத்தார்கள். தேசத்துக்காகச் சிறை போனவனுக்கு மேடையில் ஜோடி கிடைக்கவில்லை! அப்போது துணிந்து வள்ளியாக நின்றவர் கே.பி. ஜானகியம்மாள், பின்னாளில் மதுரையில் நமது இயக்கத்தின் தலைவியாக விளங்கிய அதே அம்மாள். விஸ்வநாத தாஸ் 1940 டிசம்பர் 31-ந் தேதி சென்னையில் மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே மேடையில் உயிர் விட்டார். அவரைச் சாதி கேட்டு ஒதுக்கின நடிகைகளின் பெயர் ஒன்றாவது இன்று யாருக்காவது நினைவிருக்கிறதா?

விலகிப்போன இரண்டு தோழர்களும் இந்தக் கூட்டத்தின் ஓரத்தில் புளியமரத்தடியில் நிற்பதாகச் சொன்னார்கள். நின்றபடியே கேட்கட்டும். மந்திரி வேஷம் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. இன்னொன்று, அந்த வாயிற்காவலனும் நம் நாடகத்தில் வரவேண்டும் என்று எங்களுக்கு ஆசை. தஞ்சைக் கோட்டை வாசலில் பபூன் நின்று யார் யாரை உள்ளே விடலாம் என்று கணக்கெடுக்கட்டும். எடை மோசடிக்காரனில் ஆரம்பிக்கலாம், அதற்கு ஆலைத் தோழர்களிடம் வேண்டிய சரக்கு இருக்கும். அந்த வேஷத்துக்கு நல்ல நாக்கு வேண்டும். மரத்தடியில் நிற்கிறவர்களில் ஒருவருக்கு அப்படிப்பட்ட நாக்கு உண்டென்று கேள்வி.

ஒத்திகை நாளை முதல் ராத்திரி எட்டு மணிக்கு, இதே களத்தில். துறையூர் பஸ்ஸில் வருகிற ஆலைத் தோழர்கள் தாமதமானால் கோபிக்க வேண்டாம், ஷிப்ட் முடிந்துதான் வரவேண்டும். அவர்கள் வரும்வரை இராத்திரிக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருங்கள். கல் இழுக்கிற ஆட்களாக வர எட்டுப் பேர் தேவை. வடம் உங்கள் வீட்டிலேயே இருக்கும், கொண்டுவந்துவிடுங்கள். கிரீடத்துக்கு அட்டை வாங்கியாயிற்று, ஜிகினாத்தாள்தான் பாக்கி.